போகிறவர் அறிவும் வருகிறவர் கேள்வியும்: பன்னாட்டு மாணவர்களுக்கான இணையத் தளத்தை வடிவமைத்தல்

கேள்வி: நான் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். இங்குள்ள பன்னாட்டு மாணவர்களுக்காகத் தன்னார்வலர்கள் மூவர் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் ஏறக்குறைய 900 பேர் இருக்கிறார்கள். கேட்ட கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வாடகை மோசடிக்காரர்களும் நுழைந்துவிடுகிறார்கள். எல்லா நாட்டு மாணவர்களும் பயன்படுத்தக்கூடிய ஒரு செயலியோ இணையதளமோ உருவாக்க நினைக்கிறோம். கையில் பணம் அதிகம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: செயலியைப் பற்றிய பேச்சைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஓர் ஊர்ச்சங்கத்தில் வந்தவருக்கு வழி சொல்ல இருபது ஆண்டு பழகிய பெரியவர் ஒருவராவது இருப்பார். பன்னாட்டு மாணவர் கூட்டமோ முதுநிலைப் படிப்பின் நான்கு பருவங்களுக்குள் ஏறக்குறைய முழுவதுமாக மாறிவிடுகிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் ஏப்ரலிலும் எதுவும் அறியாத ஒரு கூட்டம் வந்து இறங்க, எல்லாம் அறிந்த கூட்டம் வேலை கிடைத்து வேறு நகரங்களுக்குப் போய்விடுகிறது. போகிறவர்கள் அறிந்ததை வருகிறவர்களுக்காக வாங்கி வைத்துக்கொள்வதே உங்கள் தளத்தின் முதல் வேலை. கீழே நான் சொல்லும் முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

வாட்ஸ்அப்பை மூடிவிடாதீர்கள், மூடினாலும் நாளையே வேறொருவர் புதுக் குழு தொடங்கிவிடுவார். அது திண்ணை. நீங்கள் கட்டப்போவது திண்ணையை ஒட்டிய ஒரு நூலகம். திண்ணைப் பேச்சின் குறைகள் உங்களுக்கே தெரியும்: குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது, புதிதாக வருபவருக்குப் பழைய உரையாடல் முழுவதும் கிடைப்பதில்லை, ஒரு மாணவியின் கைப்பேசி எண் முன்பின் அறியாத 900 பேர் கண்ணில் படுகிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்பவருக்குத் திண்ணைதான் உதவும். அங்கே கேள்வி வந்ததும் தளத்திலுள்ள பக்கத்தின் இணைப்பைப் பதிலாகக் கொடுப்பது, பக்கம் இல்லையென்றால் முதலில் பக்கத்தை எழுதிவிட்டுப் பிறகு இணைப்பைக் கொடுப்பது என்ற ஒரே ஒழுங்கைத் தன்னார்வலர்கள் மூவரும் கடைப்பிடித்தால், நூலகம் தானாகவே நிரம்பத் தொடங்கும்.

மென்பொருளை நீங்களே எழுத வேண்டாம். எழுதியவர் பட்டம் வாங்கிப் போன மறுநாளே அதைப் பழுதுபார்க்க ஆள் இருக்காது. இணைய விவாத மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும், 2 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு சிறு வாடகை சர்வரில் நிறுவினால் உங்கள் அளவுக்குப் போதும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். விளையாட்டுக்கும் குரல் உரையாடலுக்கும் அது நல்லது, ஆனால் அங்கே எழுதப்படும் பதில்கள் தேடுபொறிகளின் கண்ணில் படுவதில்லை. உங்களுக்கு அது பெரிய இழப்பு. சென்னையிலோ லாகோஸிலோ விசாவுக்குக் காத்திருக்கும் மாணவர் உங்கள் குழுவின் பெயரையே அறிந்திருக்க மாட்டார். அவர் தேடுபொறியில்தான் கேட்பார்.

ஆகவே, வாசிப்பதற்கு உள்நுழைவு கேட்காதீர்கள். இணையக் குழுமங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிக்க மட்டுமே செய்கிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவரே தொடர்ந்து எழுதுகிறார் என்று பயன்பாட்டியல் அறிஞர் ஜாக்கோப் நீல்சன் 2006-இல் எழுதினார். இதைத் தோராயமான கணக்காகவே கொள்ள வேண்டும் என்றாலும், உங்கள் 900 பேரில் ஏறக்குறைய 810 பேர் வாய் திறக்கப்போவதில்லை என்று எண்ணி வடிவமைப்பது தவறாகாது. எத்தனை பதிவுகள் வந்தன என்று எண்ணிப் பூரிப்பதைவிட, வாசிக்க வந்தவர் விடையோடு திரும்பினாரா என்று பாருங்கள்.

எழுதுவதற்கு அடையாளம் தேவை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பல்கலைக்கழக மின்னஞ்சல் உள்ளவர்களுக்கு மட்டுமே கணக்கு என்று விதித்தால் மோசடிக்காரர் நுழைவது கடினமாகும், உண்மை. ஆனால் அந்த மின்னஞ்சல் சேர்க்கை முடிந்த பிறகே கைக்கு வருகிறது. உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் மூன்று மாதங்களில் மாணவரிடம் அது இருக்காது. எனவே இரண்டு படிகள் வையுங்கள். எந்த மின்னஞ்சலைக் கொண்டும் கேள்வி கேட்கலாம். வீட்டு விளம்பரம் இடுவதற்கும் பிறருக்குத் தனிச்செய்தி அனுப்புவதற்கும் பல்கலைக்கழக மின்னஞ்சல் வேண்டும். டிஸ்கோர்ஸில் உள்ள, பயனரின் பங்களிப்பைப் பொறுத்து உரிமைகளைக் கூட்டும் நம்பிக்கை நிலைகளையும் பயனர் குழுக்களையும் கொண்டே இதை அமைத்துவிடலாம். கடவுச்சீட்டு நகலையோ விசா நகலையோ எவரிடமும் எக்காரணத்துக்காகவும் கேட்டு வாங்காதீர்கள். மூன்று மாணவர்களால் பாதுகாக்கக்கூடிய பொருளல்ல அது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. சீனாவிலிருந்து வரவிருக்கும் மாணவருக்கு அங்கே கூகுளும் வாட்ஸ்அப்பும் திறப்பதில்லை. கூகுள் கணக்கால் மட்டுமே உள்நுழையலாம் என்று அமைத்தாலோ, கூகுளின் மனிதச் சரிபார்ப்புப் பெட்டியை வாசலில் வைத்தாலோ, ஒரு பெரிய கூட்டத்தையே உங்களை அறியாமல் வெளியே நிறுத்திவிடுவீர்கள். பன்னாட்டு மாணவர் தளம் என்று பெயர் வைத்துக்கொண்டு தன் நாட்டுப் பழக்கத்தையே உலகப் பழக்கமாக எண்ணுவது நம்மில் பலர் செய்யும் பிழை. என் முதல் தளத்தில் நானும் இதையே செய்தேன்.

இனி, பதில்களின் வயது. நூலகம் என்றேன், அதன் பெரிய ஆபத்து பழைய நூல். ஜெர்மனி செல்லும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைப் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில், அதாவது ஷ்பெர்கோண்டோவில், 2023 தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கு 11,208 யூரோ காட்ட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அது 11,904 ஆயிற்று. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 120 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்றிருந்த வரம்பு 2024 மார்ச்சில் 140 ஆனது. இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் 1 முதல் கட்டாயமாயிற்று. 2022 கோடையில் ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய அருமையான பதிலை இன்று நம்பிப் புறப்படுபவர் தூதரக வாசலிலேயே திரும்ப நேரும். பணம், நாள், விதி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைக் குறிப்பிடும் பக்கம் ஒவ்வொன்றின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த மாதம், சரிபார்த்தவர், அதிகாரப்பூர்வப் பக்கத்தின் இணைப்பு ஆகியவை இருக்கட்டும். ஆறு மாதம் கடந்ததும் பக்கம் மஞ்சள் பட்டையோடு தோன்ற வேண்டும். பன்னிரண்டு மாதம் கடந்தால் முகப்பிலிருந்து இறங்கிவிட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நீங்கள் செலவிடும் நேரம் அழகான முகப்புக்குச் செலவிடும் நேரத்தைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

வீட்டுப் பகுதியைத் தனிக் கவனத்தோடு அமையுங்கள். மோசடியின் வடிவம் பெரும்பாலும் ஒன்றே: உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், வீட்டைக் காட்ட ஆளில்லையாம், முன்பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவாராம். விளம்பரத்தைக் கட்டற்ற உரையாக எழுத விடாமல், நிரப்ப வேண்டிய கட்டங்களாகக் கொடுங்கள்: வீட்டைச் சூடாக்கும் செலவு முதலியவை நீங்கலான வாடகை, முன்பணம், நேரில் பார்க்க முடியுமா, நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவதற்கு வீட்டுக்காரர் உறுதிச்சான்று தருவாரா. கடைசிக் கேள்வி முக்கியமானது. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்ல, அந்தச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பதையும், அதை மூன்று தவணைகளில் செலுத்த வாடகைதாரருக்கு உரிமை உண்டு என்பதையும் ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் தானாகவே அச்சிடச் செய்யுங்கள்.

சட்டத்தில் மூன்று இடங்களில் எச்சரிக்கை வேண்டும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, விலகுபவர் தன் விவரங்களை அழிக்கக் கோரலாம். கணக்கைப் பெயரற்றதாக்கும் வசதி டிஸ்கோர்ஸில் இருப்பதால், ஆளின் விவரம் போனாலும், அவரை அடையாளம் காட்டாத பதில் தங்கும். ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து, பிறர் எழுதுவதைச் சேமித்து வைக்கும் சிறு தளங்களிடமும், சட்டவிரோத உள்ளடக்கத்தைப் பற்றிப் புகார் அளிக்க எளிய வழி இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவதைப் பலர் அறிவதில்லை: உறவினர், அண்டை வீட்டார் போன்ற நெருங்கிய வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரின் தனிப்பட்ட வழக்கில் இலவசமாகச் சட்ட ஆலோசனை தருவதற்கும் தகுதி பெற்ற சட்ட அறிஞரின் வழிகாட்டுதல் வேண்டும் என்று ஜெர்மானியச் சட்டம் கூறுகிறது. ஆகவே விசா மறுப்பு, தேர்விலிருந்து நீக்கம் போன்ற விஷயங்களில் தன் அனுபவத்தை எழுதலாம். உன் வழக்கில் இப்படிச் செய் என்று எழுதக்கூடாது.

பிரிவுகளைப் பொறுத்தவரை, முதல் நாளே நாற்பது அறைகளைத் திறந்து முப்பத்தைந்தைக் காலியாக வைக்காதீர்கள். புறப்படும் முன், முதல் மாதம், வீடு, படிப்பும் வேலையும், மற்றவை என்று ஐந்து போதும். நாடுவாரியான அறைகளையும் இப்போது திறக்க வேண்டாம்; நம்மவர்கள் நம் அறைக்குள்ளேயே தமிழில் பேசிக்கொண்டிருப்போம், பொதுப் பதில் எழுதப்படாமலே போகும். கணக்கிருந்தும் பெயரில்லாமல் எழுதும் வசதி ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். தேர்வில் தோற்றவரும் தொல்லைக்கு ஆளானவரும் சொந்தப் பெயரில் கேட்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தின் மேலேயே 112 என்ற அவசர எண்ணும், இரவு பகலாக இலவசமாக இயங்கும் 0800 111 0 111 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கட்டும்.

அக்டோபர் வருகைக்குத் தயாராக மே மாதத்தில் தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவின் கடந்த ஓராண்டு உரையாடலை மூவரும் அமர்ந்து வாசித்து, அதிகம் கேட்கப்பட்ட நாற்பது கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, பிறர் எழுதியதை அப்படியே ஒட்டாமல் உங்கள் சொற்களில் பதில் எழுதுங்கள். தள முகவரியும் சர்வர் கட்டணமும் தனிநபரின் அட்டையில் இருக்கக்கூடாது, ஒரு மாணவர் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும்; ஒருவர் படிப்பு முடித்துப் போய் அவருடைய வங்கி அட்டை காலாவதியானதால் ஒரு தளமே மறைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். நிர்வாகிகளில் ஒருவராவது எப்போதும் முதலாண்டு மாணவராக இருக்கட்டும். நவம்பர் வந்ததும் தளத்தின் தேடல் பதிவேட்டைத் திறந்து, வந்தவர்கள் எந்தச் சொல்லைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்கள் என்று பாருங்கள். ஏப்ரலுக்குள் எழுத வேண்டிய பக்கங்களின் பட்டியல் அங்கேயே இருக்கும்.