போத்தலுக்கு எதற்குச் சட்டை?

தம்பி, கனடாவுக்கு வந்து மூன்று மாதம் என்கிறீர்கள். வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா தந்த வைன் போத்தலுக்கு நத்தார் பாப்பாவின் சிவப்புச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்ததாம். "இது என்ன சடங்கு? சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேணுமா? 24ஆம் திகதி அவர்கள் வீட்டு விருந்துக்கு நானும் இப்படி ஒன்று கொண்டுபோக வேணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சடங்கு ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை. ஆனால் எறிந்துவிடாதீர்கள், அடுத்த வருசம் உதவும். நான் ஸ்காபறோவுக்கு வந்த புதிதில் இதே சட்டையைப் பார்த்துக் கைக்குழந்தையின் உடுப்பு என்று நினைத்தவன். மகளின் பொம்மைக்குப் போட்டும் பார்த்தோம், கழுத்தால் இறங்கவில்லை.

போத்தலுக்கு உடுப்புப் போட்டது முதலில் அழகுக்காக இல்லை. இத்தாலியில் தஸ்கனிப் பக்கம் கியாந்தி வைன் வந்த பழைய போத்தலுக்கு அடி உருண்டை. வாயால் ஊதிச் செய்த கண்ணாடி, தானாக நிற்காது. அதனால் காய்ந்த புல்லால் சுற்றிப் பின்னி, அடியில் ஒரு வளையமும் வைத்தார்கள். வண்டியில் அடுக்கினாலும் ஒன்றோடொன்று மோதி உடையாது. எங்கள் பனங்கட்டிக் குட்டானை நினைத்துக்கொள்ளுங்கள், அதே புத்திதான். பின்னுகிற கூலி கட்டுப்படியாகாமல் போனதும் பெரும்பாலானோர் நேர்ப் போத்தலுக்கு மாறிவிட்டார்கள். இங்கே பழைய இத்தாலியச் சாப்பாட்டுக் கடைகளில் அந்தப் புல் போத்தலின் வாயில் மெழுகுதிரி எரிந்து வழிந்தபடி நிற்கும்.

ஒன்ராறியோவில் போத்தலை மூடியதற்குக் காரணம் வேறு: வெட்கம். 1916இலிருந்து 1927 வரை இந்த மாகாணத்தில் மதுவிலக்கு. உள்ளூர்த் திராட்சையில் செய்த வைனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள், தோட்டக்காரர்களின் கையும் சும்மா இருக்கவில்லை போலும். 1927இல் அரசாங்கமே எல்.சி.பி.ஓ. என்ற அரசு மதுக்கடைகளைத் திறந்தது. திறந்தது என்றாலும் போத்தல் கண்ணில் படாது. வாங்குவதற்கென்று ஒரு அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேணும், 1962 வரை அது இருந்தது. துண்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். பிறகு அது மண்ணிறக் கடதாசிப் பைக்குள் போய் வீட்டுக்கு வரும். ஊரில் சாராயப் போத்தலைப் பேப்பரில் சுற்றி, சாறத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டு ஒழுங்கையால் வந்தவர்களைக் கண்ட எனக்கு இதில் அதிசயம் தெரியவில்லை. அந்தக் கடதாசிப் பையை 2023இல் நிறுத்தப்போய், சனம் முணுமுணுக்க, அடுத்த வருசமே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

நடுவில் ஒருவர் மாறி யோசித்தார். 1939இல் பிரித்தானியாவின் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் அவர் மனைவி எலிசபெத் அரசியும் கனடாவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, சீக்ராம் நிறுவனத்தின் சாமுவேல் புரொன்ஃப்மன் 'கிரவுன் றோயல்' விஸ்கியைக் கொண்டுவந்தார். ஊதாத் துணிப்பை, பொன் நிற நாடா. ஒளிக்கிற பையை ராசா வீட்டுப் பை ஆக்கினார் மனிசன். விஸ்கி முடிந்தாலும் பையை ஒருவரும் எறியமாட்டார்கள். பிள்ளைகள் அதில் மாபிள் போட்டு வைப்பார்கள், சிலர் வெட்டிப் போர்வையே தைப்பார்கள். என் மாமியார் கோயில் உண்டியலுக்குச் சேர்த்த சில்லறையை ஐந்து வருசம் அந்தப் பையில்தான் வைத்திருந்தா. அது என்ன பை என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நத்தார்ச் சட்டை இவற்றின் கடைக்குட்டி. போத்தலைக் கடதாசியால் பொதி செய்து பாருங்கள், கழுத்தடியில் கிழியும். துணி உறை என்றால் மேலால் போட்டு நாடாவை இழுத்தால் முடிந்தது. 2000களின் தொடக்கத்தில் வான்கூவரில் சிலர் அவலட்சணமான நத்தார்க் கம்பளிச் சட்டை போட்டு விருந்து வைக்க, அது பகிடியாய்ப் பரவியது. அதே கம்பளிச் சட்டை இப்போது போத்தலுக்கும் சின்ன அளவில் கிடைக்கிறது. என் கண்ணுக்குக் கொஞ்சம் கோமாளித்தனம்தான். ஆனால் டிசம்பர் இருட்டில் ஐந்து மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும் ஊரில் கோமாளித்தனமும் வேணும்.

விருந்துக்கு வைன் கட்டாயம் இல்லை. நீங்கள் குடிக்கிறதில்லை என்றால் ஒரு பெட்டி சொக்லேட் போதும். கொண்டுபோவதென்றால் டொலர் கடையில் ஒரு உறை வாங்குங்கள், விலை உயர்ந்தது வேண்டாம். திரும்பி வரும்போது, திறந்த மிச்சப் போத்தலைத் தந்தார்கள் என்று காரின் முன் இருக்கையில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பொலிஸ் மறித்தால் கரைச்சல்.

உங்களுக்கு வந்த போத்தலை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கிற யோசனை இருந்தால், முதலில் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். நான் கழற்றாமல்தான் என் மேற்பார்வையாளருக்குக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு சின்ன அட்டை கிடந்தது. போத்தலை எனக்குத் தந்தவர் எழுதி உள்ளே செருகிய நத்தார் வாழ்த்து, மேலே என் பெயர்.