ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதுமா?

கேள்வி: தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாபநாசம் மலைமேல் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் மூலிகை அறிவைப் பதிவு செய்யத் திட்டம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, இரண்டு வாரத்தில் தகவலைச் சேகரித்துவிடலாம் என்கிறார் நெறியாளர். இது போதுமா?

பதில்: போதாது. ஏன் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதே காணி மக்களுக்கு நடந்ததைப் பாருங்கள்.

1987இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அகத்தியமலைக் காட்டுக்குப் போனது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி களைப்பே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கிய ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டபோது, வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்று மறுத்தார்கள். விடாமல் கேட்ட பிறகுதான் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதைக்கொண்டு ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்ச ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் என்று உரிமம் கொடுத்தது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது.

உலகமே இதை முன்மாதிரி என்று பாராட்டியது. நியாயம்தான், இப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் 2002இல்தான் வந்தது. அதற்கு முன்பே பங்கு கொடுத்தார்கள். ஆனால் செடியைக் காட்டியது ஓரிருவர். அறிவோ பல ஊர்களில் சிதறி வாழும் ஒரு சமூகத்துடையது. காணிகளின் மருத்துவர்களான பிளாத்திகள் சிலர், எங்கள் அறிவை விற்கிறார்கள் என்று கேரள முதல்வருக்கே எழுதினார்கள். மருந்து வந்தது, உரிமம் போனது, அப்புறம்தான் அறக்கட்டளை. ஊரைக் கூட்டி முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டார்கள். என் பார்வையில் அங்கே பணத்தைவிடப் பெரிய கோளாறு இந்த வரிசைதான்.

ஆகவே, முதல் முறை போகும்போது ரெக்கார்டரும் படிவமும் வேண்டாம். எதற்காக வருகிறீர்கள், பட்டம் யாருக்கு, எழுதியதை யார் படிப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் யார் முடிவெடுப்பது என்று கேளுங்கள். தலைவர் சரி என்றால் ஊரே சரி என்றதாக ஆகாது. வைத்தியம் தெரிந்தவர்கள், பெண்கள் எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் பேசி, அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும், ஊர்த் தலைவர் அனுமதித்தாலும் தனிநபர் சம்மதம் கட்டாயம் என்கின்றன. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நுழைய வனத்துறை கொடுக்கும் அனுமதி அரசின் அனுமதி. அதை ஊரின் சம்மதமாக எண்ணிவிடாதீர்கள். பாரம்பரிய அறிவின் மேல் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று 2006 வன உரிமைச் சட்டமே சொல்கிறது.

அடுத்து, படிவத்தில் ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு’ என்று பொதுவாக ஒரு வரி இருக்குமே, அதை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் மக்கள், நீரிழிவு ஆய்வு என்று நம்பி 1990களில் ரத்தம் கொடுத்தார்கள். படிவத்தின் வாசகம் அதைவிட அகலமாக இருந்தது. அதே ரத்தத்தில் மனச்சிதைவு பற்றியும் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ந்தார்கள். வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

ரத்தத்தைத் திருப்பித் தரலாம். அச்சேறிய மூலிகைச் செய்முறையைத் திரும்பப் பெற வழியில்லை. எந்தச் செடி, எந்த நோய்க்கு, எந்தப் பக்குவம் என்று மூன்றையும் சேர்த்து வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதை ஆய்வேட்டில் போடலாம், எது ஊரிலேயே இருக்கட்டும் என்பதை அவர்கள் பிரித்துச் சொல்லட்டும். எழுதி முடித்ததும் தமிழில் படித்துக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னதை எடுத்துவிடுங்கள். பதிவுகளின் ஒரு பிரதி ஊரில் இருக்க வேண்டும். உங்களோடு காட்டுக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகிறது, அதைக் கொடுக்காமல் வராதீர்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள், சிலர் கட்டாயம் போடச் சொல்வார்கள்.

இரண்டு வாரம் என்பது நெறியாளரின் கணக்கு. மலையில் எந்த மாதம் வேலை குறைவு என்று கேட்டு அதற்கேற்பப் போங்கள். எல்லா ஊருக்கும் ஓடுவதைவிட ஒரே குடியிருப்பு போதும். வேண்டாம் என்று சொன்னாலும் ஆய்வு நின்றுவிடாது. அவர்கள் வயலிலும் வீட்டருகிலும் வளர்க்கும் பயிர்கள், கிழங்குகள் என்று தலைப்பை மாற்றலாம். மாற்றுவதானால் பல்கலைக்கழகத்தில் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அதனால், ஊரில் முதல் பேச்சை இந்தப் பருவத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.