அக்கா விட்டிட்டுப் போன ஹியூமிடிபயர்

கேள்வி: அண்ணை, ரொரன்ரோ அக்கா ஆவணியில வந்து நிண்டிட்டுப் போகேக்க தான் கொண்டுவந்த ஹியூமிடிபயரை, அதுதான் காத்துக்கு ஈரம் ஏத்துற மெஷினை, எங்களுக்கெண்டு விட்டிட்டுப் போட்டா. என்ர தம்பி முன்னறையில ஏசி போட்டுக்கொண்டு லப்டொப் திருத்துறவன், காத்து காய்ஞ்சால் ஸ்ரற்றிக் (உரசலால சேருற மின்சாரம்) அடிச்சு லப்டொப்புக்குள்ள இருக்கிற சேர்க்கிற் போட் எல்லாம் போயிடும், இதை ஓடவிடுங்கோ எண்டுறா. ஆனால் அதே அறை அலுமாரியிலதான் போன கார்த்திகை என்ர கூறைச்சீலை பூஞ்சணம் பிடிச்சது. போடுறதோ விடுறதோ?
- வாசகி, கொக்குவில்

பதில்: போடாதேங்கோ தங்கச்சி. அக்காவில பிழை இல்லை, அவ சொல்லுறது அவ இருக்கிற இடத்துக்குச் சரி. அங்க மாரியில வெளிக்காத்து மைனஸ் 10 பாகையில ஒரு கன மீற்றருக்கு 2 கிராம் சொச்சம் நீராவிதான் பிடிக்கும், அதை உள்ளுக்க எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் 17 கிராம் பிடிக்கிற காத்தாகிடும், ஆனா இருக்கிறது அதே 2 கிராம்தானே, ஈரப்பதன் 15 வீதத்துக்கும் கீழ விழுந்திடும். பிறகு கார்ப்பெற்றில நடந்துபோய் கதவுப்பிடியைத் தொட்டா டிக் எண்டு அடிக்காமல் என்ன செய்யும்.

40 வீதத்துக்குக் கீழ ஸ்ரற்றிக் தொல்லை, 60க்கு மேல நாள்கணக்கா நிண்டால் பூஞ்சணத்துக்கு வழி, 70 தாண்டினால் சொல்லத் தேவையில்லை. எங்கட ஊரில சோளகம் வீசுற நாளிலயும் காத்து அந்தளவுக்குக் காயாது, ஏசி அறையும் லேசில 40க்கு இறங்காது. இன்னொண்டு, அந்த மெஷினுக்கு எங்கட கிணத்துத் தண்ணியை ஊத்தினால், கேத்திலுக்குள்ள படியுற அதே சுண்ணாம்பு வெள்ளைத் தூளாப் பறந்து தம்பி கழட்டி வைச்சிருக்கிற போட்டில எல்லாம் படியும், குளிராவி அடிக்கிற வகையெண்டால் கட்டாயம்.

அதுக்காக ஸ்ரற்றிக் இஞ்ச இல்லவே இல்லை எண்டில்லை. எங்கட கைக்குத் தெரியவே 3000 வோல்ற் அளவு வேணும், சில சிப் 100 வோல்றிலயே போயிடும், தம்பிக்குத் தெரியவும் வராது. அதுக்கு மருந்து ஈரம் இல்லை, எர்த் பண்ணின, அதாவது வயரால நிலத்தோட தொடுத்த, கைப்பட்டிதான். பொலியெஸ்ரர் சேட்டோட பிளாஸ்ரிக் கதிரையில உரஞ்சிக்கொண்டிருந்து வேலை செய்யாமல் விட்டாலே பாதி குறையும்.

உங்கட உண்மையான எதிரி பூஞ்சணம். ஒரு சின்ன ஈரப்பதன் மீற்றர் வாங்குங்கோ, மலிவு சாமான் பொய் சொல்லும், அதால சோதிச்சுப் பாக்கோணும்: சோடா மூடியில ஆனையிறவு உப்பைப் போட்டு ரெண்டு மூண்டு சொட்டுத் தண்ணி விடுங்கோ, கரையக்கூடாது, சேறு மாதிரி இருக்கோணும், மீற்றரோட சேர்த்து காத்துப் போகாத பையில கட்டி ஒரு இரவு விடுங்கோ. விடிய 75 காட்டோணும். 70 காட்டினால் உங்கட மீற்றர் 5 குறைச்சுச் சொல்லுது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

பிறகு அலுமாரியை வெளிச்சுவரில இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ. மழைக்காலம் அந்த அறைக்குள்ள உடுப்புக் காயப்போடாதேங்கோ (எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான், எங்கட வீட்டிலயும்). மழை பெய்யேக்க யன்னலைத் திறந்தா ஈரம்தான் உள்ளுக்கு வரும், வெயில் எறிக்கிற மத்தியானம் திறவுங்கோ. முந்தி கமரா வைச்சிருந்த ஆக்கள் அலுமாரிக்குள்ள குண்டு பல்ப் எரியவிடுவினம், சூடு ஏற ஈரப்பதன் வீதம் இறங்கும், இப்பத்தை எல்ஈடி பல்பில அந்தச் சூடு இல்லை, போட்டு ஏமாறாதேங்கோ. கூறையை வெளி விறாந்தையில நிழல்ல காயவிட்டு மெல்லிய பிரஷ்ஷால தட்டுங்கோ, அறைக்குள்ள தட்டினால் பூஞ்சண வித்து எல்லா உடுப்புக்கும் பரவும்.

அக்கா கேட்டால் கிணத்துத் தண்ணி மெஷினுக்கு ஒத்துவரேல்லை எண்டு சொல்லுங்கோ, அது பொய்யுமில்லை.