அதிகம் எழுதினால் பரிசா?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சிறுகதை வாசிப்புக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். 140 பேர் இருக்கிறோம், பேசுவது பத்துப் பேர்தான். மாதந்தோறும் அதிகமாக எழுதுபவருக்கு 20 வெள்ளி ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு கொடுக்கலாம் என்கிறார் நண்பர் ஒருவர். மற்றவர்களைப் பேசவைக்க இது உதவுமா?

ரா., உட்லண்ட்ஸ்

அன்புள்ள ரா.,

உதவாது. முதல் வாரமே காலை வணக்கப் படங்களும் ‘அருமை’, ‘சூப்பர்’களும் வந்து குவியும். எண்ணிக்கைக்குத்தானே பரிசு!

உங்கள் நண்பர் நடைச் சவாலை நினைத்துச் சொல்லியிருப்பார். சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தொடங்கிய திட்டம் அது. நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பற்றுச்சீட்டு. அங்கே சரி, நோக்கமும் நடை, எண்ணுவதும் நடை. ஒருவர் கதையைப் பற்றி யோசித்தாரா என்பதை எந்தச் செயலி எண்ணும்?

நிரலாளர்கள் கேள்வி பதில் பரிமாறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதக்கங்கள் உண்டு. பதக்கம் நெருங்க நெருங்க அதற்கான வேலையை வேகமாகச் செய்கிறார்கள், கையில் கிடைத்ததும் வேகம் குறைகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது.

விக்கிப்பீடியாவின் ‘பார்ன்ஸ்டார்’ வேறு ரகம். காசு மதிப்பில்லை, முன்னறிவிப்பும் இல்லை. நன்றாக எழுதியவருக்கு இன்னொரு பயனர் நன்றி சொல்லிக் கொடுப்பது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிக அதிகமாகப் பங்களிக்கும் 1% பேரிலிருந்து சிலரைக் குலுக்கல்போலத் தேர்ந்து அதைக் கொடுத்தார்கள். கிடைத்தவர்களின் பங்களிப்பு, கிடைக்காதவர்களுடையதைவிட 60% அதிகமாக இருந்ததாம். ஆனால் அவர்கள் ஏற்கெனவே விழுந்து விழுந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள்! அப்படிப் பார்த்தால், நல்ல பாராட்டு உங்கள் பத்துப் பேரைத் தக்கவைக்கலாம். மீதி 130 பேரைப் பேசவைக்கும் என்று நான் நம்பவில்லை.

அவர்களில் பலர் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கதை படிப்பவருக்கு, இத்தனை பேர் முன்னால் எழுதினால் பிழை வந்துவிடுமோ என்ற தயக்கம் இருக்கும். (ஒற்றுப்பிழை பிடிக்கவென்றே எல்லாக் குழுவிலும் ஒருவர் விழித்திருக்கிறார்.) அவரைத் தனியே கேளுங்கள்: “நீங்கள் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், கதையில் வரும் பட்டறை நிஜம்போல் இருக்கிறதா?” குரல் பதிவாக அனுப்பினாலும் போதும் என்று சொல்லுங்கள். அப்புறம் அவர் சொன்னதைப் பற்றிக் குழுவில் யாராவது உண்மையாக இரண்டு வரி பேச வேண்டும். கட்டைவிரல் படம் போதாது.

அந்த 20 வெள்ளியை நேரில் கூடும் நாளில் தேநீருக்கும் வடைக்கும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதக் கதையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, இதுவரை வாய் திறக்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.