முகம் தெரியும், பேர் தெரியாது: குணச்சித்திர நடிகர்கள் பற்றிக் கேள்வி பதில்

பதினாறு வருடமாக சீரியல்களில் இணை இயக்குநராக இருக்கிறேன். அதற்கு முன்னால் மூன்று படங்களில் உதவி இயக்குநர். அப்பா, மாமா, வக்கீல், இன்ஸ்பெக்டர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வேஷத்துக்கு ஆள் பிடிப்பதும் அவர்களிடம் தேதி வாங்குவதும் என் வேலையில் பாதி. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): அண்ணா, துணை நடிகர், குணச்சித்திர நடிகர் இரண்டும் ஒன்றுதானே? முதலில் கூட்டத்தில் நின்று அப்புறம் மெல்ல மேலே வரலாமா?

பதில்: பத்திரிகையில் ஒன்றாக எழுதுவார்கள் தம்பி, ஸ்பாட்டில் இரண்டும் வேறு. துணை நடிகர் என்றால் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர், கோர்ட்டில் பின் பெஞ்சில் இருப்பவர். ஏஜென்ட்டிடம் "நாளைக்கு நாற்பது பேர், அதில் பதினைந்து லேடீஸ், பட்டுப்புடவை" என்றுதான் சொல்வோம். பேர் சொல்லிக் கேட்பதில்லை. குணச்சித்திர நடிகருக்குக் கம்பெனியின் தயாரிப்பு மேனேஜர் தனியாகப் போன் செய்வார். கூட்டத்திலிருந்து வசனத்துக்கு வந்தவர்கள் உண்டு, ஆனால் அந்த வாசல் குறுகல். டீக்கடையில் நின்ற முகத்தை அடுத்த மாதம் அதே தொடரில் டாக்டராக உட்கார வைக்க முடியாது, வீட்டில் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு வரி வசனம் இருந்தால் மட்டும் தயங்காமல் போங்கள். எம்.ஜி.ஆர். 1936ல் 'சதி லீலாவதி'யில் சின்ன போலீஸ் வேஷத்தில் வந்தவர். 'ராஜகுமாரி'யில் கதாநாயகன் ஆனது 1947ல். நடுவில் 11 வருடம்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், கோவை): சார், எனக்கு 36 வயது. ஆபீஸ் நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கியிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வரலாமா? வயது தாண்டிவிட்டதோ என்று பயம்.

பதில்: வயது தாண்டிவிட்டது என்பது கதாநாயகனாக வர நினைக்கிறவர்களின் கவலை. உங்களுக்கு இல்லை. டெல்லி கணேஷ் பத்து வருடம் விமானப்படையில் இருந்தவர். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவரை பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் கொண்டுவந்தார். 2024 நவம்பரில் காலமாகும்போது 400 படங்களுக்கு மேல் நடித்திருந்தார். விஜய் சேதுபதி துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கு எழுதியவர். 'புதுப்பேட்டை'யிலும் 'வெண்ணிலா கபடி குழு'விலும் அவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2010ல்தான் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் கதாநாயகன்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். வேலையை விடலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு என் பதில்: இப்போது விடாதீர்கள். ஆரம்பத்தில் மாதத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தாலே பெரிது. சனி, ஞாயிறில் குறும்படம் செய்யுங்கள். ஒரு நாள் விட்டே ஆகவேண்டிய நிலை வரும். ஏனென்றால் நாங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்து காலை ஏழு மணிக்கு வரச் சொல்கிற ஆட்கள். "லீவு கேட்டுச் சொல்கிறேன் சார்" என்றால் அடுத்த நம்பருக்குப் போய்விடுவோம். அந்த நாள் வரும்போது ஒன்றரை வருட வீட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும்.

கேள்வி (சேலம்): நடிப்புப் பயிற்சி அவசியமா?

பதில்: சான்றிதழை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் நாடகத்திலிருந்து வந்தவரை முதல் டேக்கிலேயே தெரிந்துவிடும். வசனம் இல்லாத நேரத்திலும் எதிரில் பேசுகிறவரைக் கவனித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள், அது கண்ணில் தெரியும். பசுபதி, கலைராணி எல்லாம் கூத்துப்பட்டறையிலிருந்து வந்தவர்கள். 'பூ' ராமு வீதி நாடகக்காரர். 'பரியேறும் பெருமாள்' படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம்தான், படம் பார்த்தவர்கள் அந்தப் பிரின்சிபாலை மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (சென்னை, தொடர்களில் நடிப்பவர்): சீரியலுக்குப் போனால் சினிமாவில் கூப்பிட மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா சார்?

பதில்: ஒரு காலத்தில் அப்படிப் பேசினார்கள். எம்.எஸ்.பாஸ்கர் டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரின் பட்டாபியாகத்தான் வீட்டுக்கு வீடு தெரிந்தார். அப்புறம் 'மொழி', '8 தோட்டாக்கள்' என்று போய், 'பார்க்கிங்' படத்துக்காக 2023ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த துணை நடிகர். மாரிமுத்து இரண்டு படம் இயக்கியவர், பல படங்களில் நடித்தவர். ஆனால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தது 'எதிர்நீச்சல்' குணசேகரனைத்தான். 2023 செப்டம்பரில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த காலையில்தான் இறந்தார்.

மதிப்பு போவதில்லை, தேதிதான் போகும். சீரியலில் மாதத்துக்குப் பதினைந்து நாள் கொடுத்திருப்பீர்கள். அதே வாரத்தில் படக் கம்பெனி கூப்பிடும். இரண்டு இடத்துக்கும் சரி என்று சொல்வீர்கள். இங்கேதான் பலர் விழுகிறார்கள். எங்கள் தொடரில் சித்தப்பாவாக நடித்தவர் ஒரு படத்துக்காக மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். முந்தைய நாள் எடுத்தது, அவர் வாசலில் நின்று கதவைத் தட்டுவது, மீசையோடு. அன்றைக்கு எடுக்க வேண்டியது, கதவு திறந்து உள்ளே வருவது. மேக்கப்மேன் ஒட்டு மீசை வைத்தார். ஏப்ரல் மாதம், வீட்டுக்குள் லைட் சூடு வேறு, வலது நுனி கழன்று கழன்று வந்தது. கடைசியில் காட்சி முழுக்க இடது பக்கமாகவே எடுத்து முடித்தோம். நல்ல நடிகர்தான். ஆனால் ஒரு வருடம் வரை அவர் பேரை எடுத்தாலே எங்கள் மேனேஜர் "யாரு, மீசையா?" என்றுவிட்டு அடுத்தவருக்குப் போன் செய்வார். முடி வெட்டுவதாக இருந்தால்கூட ஒரு போன் செய்துவிடுங்கள்.

கேள்வி (வேலூர்): சம்பளம் எப்படிக் கொடுப்பார்கள்? பேசிய தொகை முழுதாக வருமா?

பதில்: சின்ன வேஷத்துக்கு நாள் கணக்கு, பெரிய வேஷத்துக்குப் படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக. பேட்டா, அதாவது தினப்படி, தனி, பெரும்பாலும் அன்றன்றைக்கே. சம்பளத்தில் 10 சதவீதம் வருமான வரிக்காக டி.டி.எஸ். என்று பிடிப்பார்கள். வருமானம் குறைவு என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், பாதிப் பேர் செய்வதில்லை. பாக்கி நின்றால் கேட்க வேண்டிய இடம் டப்பிங். உங்கள் குரல் இல்லாமல் படம் முடியாது, அதனால் டப்பிங்குக்குக் கூப்பிடும்போது பாக்கியைப் பேசுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதை விட்டுவிட்டால் படம் ரிலீசான பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். எனக்கே ஒரு படத்தில் அப்படி ஆனது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர், வயது 31): இரண்டு தொடரில் அம்மாவாக நடித்தேன். இப்போது என்னைவிட நான்கு வயது சின்னப் பையனுக்கு அம்மாவாகக் கூப்பிடுகிறார்கள். போகவா வேண்டாமா?

பதில்: அம்மா, நேராகச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எங்கள் தொழில் ஆண்களுக்கு ஒரு நியாயம், பெண்களுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறது. வி.கே.ராமசாமி 1947ல் 'நாம் இருவர்' படத்தில் கிழவராக நடித்தபோது அவருக்கு இருபத்தொன்றோ என்னவோ. அது அவருக்குப் பெருமையாக நின்றது. உங்களுக்கு அது முத்திரையாக விழும். தலையில் ஒரு தடவை நரை பூசினால் அடுத்த மேனேஜரின் போனில் உங்கள் பேருக்குப் பக்கத்தில் 'அம்மா' என்றுதான் சேமிப்பார்கள்.

பணம் தேவை என்றால் போங்கள், குற்றமில்லை. போனால் அந்த அம்மாவுக்குக் கதையில் வேலை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். காபி கொடுத்துவிட்டு அழுகிற அம்மாவா, ஏதாவது முடிவு எடுக்கிற அம்மாவா? முத்திரை உடைவதும் உண்டு, நாளாகும். நாகேஷைச் சிரிப்பு நடிகராகவே பார்த்த ஊர், 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லனாகப் பார்த்தது 1989ல். தேசிய விருது வந்தது 'நம்மவர்' படத்துக்கு, அறுபது வயதைத் தாண்டிய பிறகு.

கேள்வி (மதுரை): ஒரு தொடரில் வேஷம் தருகிறோம், முன்பணமாக நாற்பதாயிரம் கட்டுங்கள் என்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். நடிக்கிறவருக்குத்தான் பணம் தருவார்கள், நடிக்கிறவர் தருவதில்லை.

கேள்வி (தஞ்சாவூர், இல்லத்தரசி): தொடரில் ஒருவரைத் திடீரென்று சாகடித்துவிடுகிறீர்களே, அவர் பிழைப்பு என்ன ஆகும்?

பதில்: பாதி நேரம் அவர் கேட்டுத்தான் சாகிறார், படத்தில் தேதி கிடைத்திருக்கும். மீதி நேரம், டிராக், அதாவது கதையில் அவர் வருகிற பகுதி, ஓடவில்லை என்று மேலே முடிவெடுப்பார்கள். நடிகருக்குச் சில சமயம் முதல் நாள்தான் தெரியும். அப்படி நான் போன் செய்து சொன்ன ஒருவர், பெரியவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போட்டோவுக்கு எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும்?" என்று கேட்டார். சந்தன மாலை போட்டு ஹாலில் மாட்டினோம். இரண்டு மாதம் கழித்து அவரை வேறு கம்பெனி கூப்பிட்டது, பக்கத்து ஃப்ளோரில் ஷூட்டிங். இடைவேளையில் எங்கள் செட்டுக்கு வந்து, தன் போட்டோவுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். மாலை கோணலாக இருக்கிறது என்று ஆர்ட் அசிஸ்டன்ட்டைக் கூப்பிட்டுச் சரி செய்யச் சொல்லிவிட்டுத்தான் போனார்.