ஏலக்காய் விலை எழுதும் பையனுக்கு எந்தப் படிப்பு?

"மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கில் நல்ல மார்க். ஒரு கல்லூரியில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் சீட், மேனேஜ்மென்ட் கோட்டா. விடுதியோடு நாலு வருடத்துக்கு 9 லட்சம் என்கிறார்கள். அவன் பெரியப்பா 25,000 முன்பணமும் கட்டிவிட்டார். இவனோ தினமும் போனில் போடி ஏலக்காய் ஏல விலையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். இது சூதாட்டத்தில் கொண்டுபோய் விடுமோ என்று பயமாக இருக்கிறது." உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

பயப்படாதீர்கள் அம்மா, விலை எழுதுவது சூதாட்டம் ஆகாது. பயப்பட வேண்டியது அந்த 9 லட்சத்துக்குத்தான்.

கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். உங்கள் வீட்டுப் பத்திரம் உள்ளே போகும். 9 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை 15,000 ரூபாய்க்கு மேல், அதுவும் படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமல். தவணை நின்றால், நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை விற்க வங்கிக்கு வழி தரும் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வீடு இணைய ஏலத்துக்கு வரலாம். ஏல விலை எழுதும் பையனின் வீடே ஏலப் பட்டியலில் ஏற வேண்டுமா? படிப்பின் பெயரில் 'டேட்டா' இருக்கிறது என்பதற்காக இந்தக் கடன் வேண்டாம். பெரியப்பா நல்லெண்ணத்தில் செய்திருப்பார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

பொறியியல் கலந்தாய்வு, நீட், பேங்க் பரீட்சை பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். உங்கள் மகன் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கே ஒரு படிப்பு இருக்கிறது: புள்ளியியல். அவன் எழுதுவது ஏலத் தரவு. அதை நோட்டிலிருந்து கணினிக்கு ஏற்றினால் பாதிப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

நறுமணப் பொருள் வாரியத்தின் தளத்தில் ஏலக்காய் ஏலம் ஒவ்வொன்றுக்கும் தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட் (சேர்த்து ஏலம் விடும் ஒரு தொகுதிச் சரக்கு) எண்ணிக்கை, வரத்து கிலோ, விற்ற கிலோ, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் வருகிறது. போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் வியாபாரிகள் லாட் மாதிரியைக் கையில் பார்த்துவிட்டுக் கணினியில் விலை ஏற்றுகிறார்கள். உங்கள் மகனுக்கு வேண்டியது எக்செல் மாதிரியான இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் மட்டும். 8 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப் போதும்.

முதலில் சொதப்புவது தேதி. 03-04 என்பது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்று மென்பொருள் தானாக முடிவு செய்துவிடும். 2024-04-03 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதினால் குழப்பம் இல்லை. ஏலம் நடக்காத நாளில் 0 போடக்கூடாது, கட்டத்தைக் காலியாக விட வேண்டும். பூஜ்யம் சராசரியைக் கீழே இழுத்துவிடும். ஏல நிறுவனத்தின் பெயரில் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி மாறினாலும் மென்பொருள் அதை இன்னொரு நிறுவனமாக எண்ணும்.

அடுத்தது, ஊரில் எல்லோரும் செய்யும் தப்பு. காலை ஏலத்தில் 60,000 கிலோ சராசரி 2,400 ரூபாய், மாலையில் 20,000 கிலோ 2,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,500. அது தவறு. ஒவ்வொரு விலையையும் விற்ற கிலோவால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிலோவால் வகுத்தால் 2,450. கால்க்கில் 'சம்ப்ராடக்ட்' என்ற சூத்திரம் பெருக்கிக் கூட்டுவதைச் செய்யும்; வகுப்பது மட்டும் மிச்சம். கிலோவுக்கு 50 ரூபாய் வித்தியாசம், 80,000 கிலோவுக்கு 40 லட்சம். ஒரு வியாபாரி இந்தப் பையனுக்குச் சம்பளம் கொடுப்பதானால் இதற்குத்தான் கொடுப்பார்.

உச்ச விலையை நம்பக்கூடாது. 8 மி.மீ.க்கு மேற்பட்ட நல்ல பச்சைக் காய் ஒரு சிறு லாட் அந்த விலைக்குப் போயிருக்கலாம். அன்றைய சந்தை வேறு. விற்ற கிலோவை வரத்தால் வகுத்துத் தனிப் பத்தியாக வைக்கச் சொல்லுங்கள். சராசரி விலை அசையாமல் இருக்கும்போது இந்த விகிதம் 97-லிருந்து 80 சதவீதத்துக்கு இறங்கினால், விலை கட்டாத லாட்டுகள் விற்காமல் நிற்கின்றன என்று அர்த்தம். சராசரி விற்றதை மட்டுமே காட்டும், விற்காததைச் சொல்லாது. அறுவடைக் காலம் விலையை ஆட்டும் என்பதால் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிடப் போன வருடத்தின் இதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

இது கைவந்தபின் வேறு ஏலங்கள். திருமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் போன்ற இடங்களில் மத்திய அரசின் இணையச் சந்தையான இ-நாம் வழியாக விளைபொருள் ஏலம் நடக்கிறது. அங்கே குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு போன விலை ('மோடல்' விலை) என மூன்று எண் கிடைக்கும். வங்கிகள் விற்கும் வீடு, மனை ஏலத்தில் கண்ணி வேறு. விளம்பரத்தில் வருவது குறைந்தபட்ச விலை, விற்ற விலை இல்லை. முதல் ஏலத்தில் போகாத வீடு விலை குறைத்து மறுபடி பட்டியலில் வரும். கவனிக்காவிட்டால் ஒரே வீட்டை இரண்டு தடவை எண்ணிவிடுவான். வங்கியின் கையில் வீடே இருக்கிறதா, பேப்பரில் மட்டும் சுவாதீனமா என்பதையும் ஒரு பத்தியாக வைக்க வேண்டும். உள்ளே ஆள் குடியிருக்கும் வீட்டையும் காலி வீட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஈபே மாதிரி தளங்களில் கணக்கே மாறும். வாங்குபவர் தன் உச்ச வரம்பைத் தளத்திடம் சொல்லிவைப்பார்; முடியும் விலை இரண்டாவது ஆளின் வரம்பைவிட ஒரு படி கூட, அவ்வளவுதான். ஜெயித்தவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார் என்பது விலையில் தெரியாது. இப்படி இரண்டாவது ஆளின் விலையை வைத்து முடியும் 'இரண்டாம் விலை' ஏலத்தை 1961-இல் ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் விக்ரி; 1996-இல் பொருளாதார நோபல் பெற்றார். 2020-இல் ஏலக் கோட்பாட்டுக்கே மில்கிராம், வில்சன் இருவருக்கும் அதே பரிசு. பெரியப்பாவிடம் 'இதெல்லாம் ஒரு படிப்பா' என்ற கேள்வி வந்தால் இதைச் சொல்லலாம்.

சரி, கல்லூரி. மதுரையில் அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பி.எஸ்சி. புள்ளியியல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் கணிதம் அல்லது பொருளியல். ஆனால் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்கிறதா என்று பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அந்த ஒரு பாடம் இருந்தால்தான் யு.பி.எஸ்.சி.யின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டதாரியாக விண்ணப்பிக்க முடியும். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் இருக்கிறது. உதவி பெறும் கல்லூரியிலும் சுயநிதிப் பிரிவு என்று ஒன்று தனியாக நடக்கும், கட்டணம் கூட. எந்தப் பிரிவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆர் அல்லது பைதான் என்ற கணினி நிரல்மொழி, இரண்டில் ஒன்று. இரண்டும் இலவசம்.

வேலை பற்றி மழுப்ப மாட்டேன். 'ஏல ஆய்வாளர்' என்று போர்டு மாட்டி மதுரையில் யாரும் ஆள் எடுப்பதில்லை. ஏற்றுமதியாளரின் கொள்முதல் பிரிவு, பஞ்சு வாங்கும் மில், வங்கியின் கடன் வசூல் பிரிவு, டெண்டர் போடும் நிறுவனம் போன்ற இடங்களில் வேறு பெயரில் இந்த வேலை இருக்கிறது. அங்கே சான்றிதழைவிட, மூன்று வருடத் தரவை ஒழுங்காகச் சுத்தம் செய்து வரைந்த ஒரு வரைபடம் அதிகம் பேசும். அதை அவன் இன்றைக்கே தொடங்கலாம்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'நாளைய விலை சொல்லும்' சந்தா, டெலிகிராம் குழு எதற்கும் ஒரு ரூபாய் தரக்கூடாது. படிப்பு முடியும் வரை அவன் எந்த ஏலத்திலும் சொந்தப் பணம் போடக்கூடாது. நீங்கள் பயந்த சூதாட்டம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

முன்பணம் 25,000 போனால் போகட்டும் என்று விட வேண்டாம். சேர்க்கையை ரத்து செய்வதாக எழுதி, ரசீது நகலோடு ஸ்பீடு போஸ்டில் இந்த வாரமே அனுப்புங்கள். தள்ளிப்போட்டால் பிடித்தம் கூடும். டி.சி., மதிப்பெண் பட்டியல் அசலை அங்கே கொடுத்திருந்தால் பணத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.