வாசகர் கேள்வி: தொலைநோக்கிக்கு எதற்குச் சோதனை இரவு?

கேள்வி: பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு கிடைக்க ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கையில், சில இரவுகளைப் பொறியாளர்களுக்கு ஒதுக்குவது ஏன்? அந்த வேலையைப் பகலில் முடிக்கக் கூடாதா?

பதில்: பெரும்பகுதி பகலில்தான் நடக்கிறது. ஹவாயின் மௌனா கியா உச்சியிலுள்ள கெக் தொலைநோக்கியின் 10 மீட்டர் ஆடி, 36 அறுகோணத் துண்டுகளால் ஆனது. பூச்சு மங்கிய துண்டைக் கழற்றி, புதிதாகப் பூசியதைப் பொருத்த விண்மீன் தேவையில்லை. ஆனால் அந்தத் துண்டு மற்றவற்றோடு ஒரே ஆடியாக இயைந்ததா என்பதை, உண்மையான விண்மீனின் ஒளியை அதில் விழச்செய்து, நானோமீட்டர் கணக்கில் நகர்த்தித்தான் சரிபார்க்க முடியும். இதற்குப் பிரகாசமான விண்மீனே போதும் என்பதால், மங்கலான விண்மீன் திரள்களை ஆராய்வோர் விரும்பாத பௌர்ணமியை ஒட்டிய இரவுகளே பல ஆய்வகங்களில் பொறியாளர்களுக்கு வாய்க்கின்றன. நிலவொளியில் வேலை என்றதும் சுகமாகத் தோன்றலாம். 4,100 மீட்டர் உயரத்துக் குளிரில் அப்படியில்லை.